அம்பத்தெட்டே போடுங்க

என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். செல்லூரில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். வாசலும் கூடமும் பொது, அடுப்பு தனித்தனி. நேரில் அவளை ‘அக்கா, வாங்க, போங்க’ என்பேன். மனதுக்குள் எப்போதும் ‘அவள்’தான். இங்கே மனதில் உள்ளபடியே எழுதுகிறேன். நேரில் பேச வராத எனக்கு எழுதும்போதாவது அந்த வசதி இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்குத் தெருவில் ‘டீச்சர் வீடு’ என்று பெயர். என் கணவர் பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். அவர் அண்ணன் மில்லுக்குப் போனார். நான் கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். இத்தனை பேர் இருந்தும் அது டீச்சர் வீடு. என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்கள்கூடத் தெருமுனையில் நின்று, “டீச்சர் வீட்டுல ஒரு பொம்பள தைக்குமே, அது எங்க இருக்கு?” என்றுதான் வழி கேட்பார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் அளவெடுத்திருக்கிறேன். ஒருவர் வாயிலும் ‘தையக்காரம்மா வீடு’ என்று வந்ததில்லை.

அவளிடம் எனக்கு எதில் பொறாமை என்று கேட்டால் ஒன்றைச் சொல்லி நிறுத்த முடியாது. அவளுடைய கைக்கடிகாரத்தில் இருந்தே தொடங்கலாம். முகப்பை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுவாள். நேரம் பார்க்கும்போது உள்ளங்கையை மேலே திருப்பி, கண்ணைச் சுருக்கி, யாருக்கோ மார்க் போடுவது மாதிரி பார்ப்பாள். காலையில் ஏழரைக்குள் மேலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். தோளில் பை, கக்கத்தில் குடை. மழையோ வெயிலோ இல்லாத நாளிலும் குடை இருக்கும். எனக்கு அந்தக் குடை மேல் அவ்வளவு ஆசை. வாங்க முடியாமல் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு எங்கே போவது? மிஷினுக்கும் அடுப்படிக்கும் நடுவில் குடை பிடித்துக்கொண்டா நடப்பது?

“வாரேன் தங்கச்சி. வெயில் ஏறினதும் அந்த வத்தலை மாடியில போட்டுரு” என்று சொல்லிவிட்டுப் போவாள். போட்டுவிடுவேன்.

சம்பள நாளன்று வரும்போது பக்கோடாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வருவாள். எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வாங்குவாள், குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. என் பிள்ளைகள் பெரியம்மா வருகிற பஸ்ஸுக்காக வாசலில் நிற்பார்கள். நான் தைத்துச் சம்பாதித்த காசு அரிசியாகவும் பருப்பாகவும் சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய்விடும். அதற்காக யாரும் வாசலில் நின்றதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் பென்ஷன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாராக இருந்தாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். “டீச்சருக்கு என்ன, அம்பத்தெட்டு வயசுல மாலையைப் போட்டு வீட்டுல கொண்டாந்து விடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் பென்சன்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். திரும்பிய பிறகு சொல்ல ஒன்றும் இல்லாததால், “காப்பி நல்லா இருந்துச்சு” என்பார்கள்.

ஒரு தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஜாக்கெட்டுகளை எல்லாம் நான்தான் தைத்தேன், கூலி இல்லாமல். ஒவ்வொன்றிலும் கைப்பக்கத்தை மட்டும் அரை விரல்கடை இறுக்கித் தைப்பேன். தைத்துக் கொடுத்தால் போட முடியாத அளவுக்கு இல்லை. சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது இரண்டு கையிலும் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும், அந்த அளவுக்கு. பிரித்து விடச் சொல்லி என்னிடம் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். எதற்காகவாவது ஒரு தடவை என்னிடம் கேட்கட்டும் என்று. அவள் கேட்டதே இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தால் முதலில் சந்தோஷமாக இருக்கும், பிறகு கூச்சமாக இருக்கும். அடுத்த ஜாக்கெட்டிலும் அதையே செய்வேன்.

இந்தப் பொறாமைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அந்த வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணம் பேசியது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. பிறகு அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அப்படியே வருசம் ஓடிவிட்டது. மாப்பிள்ளைக்கு இருபத்தேழு, எட்டாவது வரை படிப்பு. நான் சோழவந்தானில் பதினோராம் வகுப்பு எழுதி, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதோ இருபத்திரண்டுக்குள் ஒரு பெண். மாப்பிள்ளைக்கு மேல் படித்திருக்கவும் கூடாது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஜோசியரிடம் போய், பழுப்பேறிய காகிதத்தில் புது ஜாதகம் எழுதி வாங்கி வந்தார். நட்சத்திரம் அதேதான். வருசம் மட்டும் நான்கு தள்ளிப்போயிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி இருக்கும் என்பதால் அதைக் கண்ணில் காட்டக்கூடாது என்றார். புத்தகத்தைக் காட்டக்கூடாது என்றால் படிப்பையும் சொல்லக்கூடாது. ஆக, ஒரே நாளில் நான்கு வயதும் மூன்று வகுப்பும் எனக்குக் குறைந்தது. எட்டாவது படித்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகச் செல்லூருக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் மூத்த மருமகள் டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் ட்ரெயினிங் போனவள். அவள் வயது இருபத்தைந்து. என்னைவிட ஒரு வயது சின்னவள். அன்றைக்கு அவளை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

ரேஷன் கார்டுக்குப் பாரம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பாரம், கரண்ட் ஆபீசுக்கு மனு, எல்லாவற்றையும் அவள்தான் எழுதுவாள். எழுதி முடித்து, “இந்தா, இந்த இடத்துல உன் பேரை எழுது. கோட்டுக்கு மேல” என்று விரலை வைத்துக் காட்டுவாள். கோட்டுக்கு மேல் எழுதுவேன்.

பதினைந்து வருசம் இப்படிப் போனது. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சரின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது, கவர்மெண்ட் வேலையில் இல்லாதவர்களும் இப்போதிருந்தே வருசா வருசம் பணம் கட்டிவந்தால் வயதான காலத்தில் மாசாமாசம் பென்ஷன் வாங்கலாம் என்றார். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள், எங்கள் இரண்டு பேர் கணவன்மாரையும் சேர்த்துவிடலாம் என்று. அவள் கணவர், “எங்களுக்கு மில்லுல பி.எப். இருக்கு சார்” என்று எழுந்து வெளியே போய்விட்டார். என் கணவர் சிரித்தார்.

“எனக்கு எதுக்கு சார்? கடை இருக்குற வரைக்கும் நான், நான் இருக்குற வரைக்கும் கடை.”

“கடை இருக்கும் தம்பி. உங்களுக்கு முட்டி இருக்கணும்ல” என்றாள் ஓரகத்தி. “வயசான காலத்துல யாரு கையையும் எதிர்பாக்காம இருக்கணும். எனக்குக் கவர்மெண்ட் குடுத்துரும். நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க? இவ கண்ணு இன்னும் எம்புட்டு நாளைக்கு ஊசி கோக்கும்?”

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது குத்தியது. நான் அடுப்படி நிலைப்படியில் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். என்னை அறியாமல் வாய் திறந்தது.

“பொம்பளைக சேரலாமா?”

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் வெளியாள் முன்னால் நான் கேட்ட முதல் கேள்வியாக இருக்கும்.

“தாராளமாச் சேரலாம்மா” என்றார் ஏஜென்ட். “தைக்கிறீங்களே, அது வருமானம்தானே. எந்த வயசுல இருந்து பென்சன் வரணும்னு நீங்களே சொல்லலாம். தள்ளிப் போடப் போட மாசத் தொகை கூடும். சீக்கிரம் வேணும்னா கொறையும். அது ஒண்ணைத்தான் யோசிச்சுச் சொல்லணும். இப்ப வயசு என்ன?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். “முப்பத்தேழு சார். என்னைவிட மூணு வயசு சின்னவ.”

“வயசுக்கு ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கா?”

“எட்டாவதோட நின்னவ சார், அவ எங்க வச்சிருக்கப் போறா. ஜாதகம் இருக்கு.”

“ஜாதகமும் ஆகும். சர்டிபிகேட்னா கேள்வியே கிடையாது, அதுக்காகக் கேட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன். எந்த வயசுன்னு முடிவு பண்ணி வையுங்கம்மா.”

அவர் போன பிறகு என் கணவர், “நெசமாவா கேட்ட?” என்றார். “ஆமா” என்றேன். “உன் காசு, உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் அவர் தங்கமானவர்.

அந்த வாரம் முழுக்கத் தைக்கும்போதெல்லாம் இதே யோசனை. மிஷின் பலகையில் சாக்கட்டியால் எழுதி எழுதி அழித்தேன். அவளுக்கு நாற்பது. ஐம்பத்தெட்டில் ரிட்டையர், அதற்கு இன்னும் பதினெட்டு வருசம். ஜாதகப்படி எனக்கு முப்பத்தேழு. ஐம்பத்தைந்து என்று போட்டால் எனக்கும் அதே பதினெட்டாவது வருசம் வரும். அவளை மாலை போட்டுக் காரில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார்கள். தெருவே வாசலில் நிற்கும். அந்தக் கூட்டத்தில், எனக்கும் இந்த வருசம் பென்ஷன் வருகிறது என்று யார் காதில் சொல்வது? ஐம்பது என்று போட்டால் முந்திவிடலாம். ஆனால் தொகை சுண்டிப்போகும். “இம்புட்டுதானா?” என்று ஒருவர் கேட்டால் போதும், எனக்குச் செத்துப்போகலாம் போல் ஆகிவிடும்.

நிஜ வயது நாற்பத்தொன்று. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் மாறியது. என் ஐம்பத்தெட்டு, அவள் ஐம்பத்தெட்டுக்கு ஒரு வருசம் முன்னாலேயே வந்துவிடும். தொகையும் கௌரவமாக இருக்கும். அதோடு ஐம்பத்தெட்டு என்பது சர்க்கார் வேலையில் இருப்பவர்கள் ஓய்வு பெறும் வயது. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நான் எட்டிக்கூடப் பார்க்காத ட்ரெயினிங், நான் போகாத மேலூர் பஸ், நான் பிடிக்காத குடை, எல்லாம் சேர்ந்த எண்ணாக எனக்குத் தெரிந்தது.

பொறாமையை மட்டும் சொன்னால் என்னை நானே ரொம்பத் தாழ்த்திக்கொண்டதாகிவிடும். இன்னொரு நியாயமும் இருந்தது. ஜாதகத்தில் நாலு வயது குறையலாம், கண்ணில் குறையாது. ஏற்கெனவே கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்க ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. பொய் வயதைக் கொடுத்தால் அந்தப் பொய்க்காக நாலு வருசம் கூடுதலாக மிஷின் மிதிக்க வேண்டும்.

வியாழக்கிழமை, நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோழவந்தான் பஸ் ஏறினேன். அண்ணன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“என்னத்தா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க?”

“என் எஸ்.எஸ்.எல்.சி. புக்கு வேணும்ணே.”

“எதுக்கு? வேலைக்குப் போகப் போறியா?”

“பென்சனுக்கு.”

“வேலையே பாக்காம பென்சனா?” என்று சிரித்தார். பிறகு நான் விளக்கியதும் சிரிப்பு நின்றது. “இத்தனை வருசம் கழிச்சு எதுக்குத்தா அதைக் கிண்டுற? அப்பா போய்ச் சேந்துட்டாரு. மாப்ள கேட்டா நான்தானே பதில் சொல்லி நிக்கணும்.”

“நான் நிக்கிறேண்ணே.”

“நீயா? வெளியாள் வந்தாலே அடுப்படிக்குள்ள ஓடுற ஆளு.”

ஆனாலும் எடுத்துத் தந்தார். டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் இருந்தது. ஓரத்தைக் கரையான் லேசாகத் தொட்டிருந்தது. திரும்பும் பஸ்ஸில் மஞ்சப்பைக்குள்ளேயே வைத்துப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே என் பெயர், என் கையெழுத்து, பிறந்த தேதி. தமிழில் நல்ல மார்க். அந்த மார்க்கை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “உங்க பொண்ணோடதா?” என்றாள். தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் வந்தார். என் கணவர் ஒரு மூலையில் பழைய துணியை விரித்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தார். ஓரகத்தி வழக்கம்போலப் பாரத்தை வாங்கி, அட்டையை மடியில் வைத்து, பேனா மூடியைத் திறந்தாள்.

“நான் எழுதுறேன் சார். இவ கையெழுத்து மட்டும் போடுவா.”

என் பெயரை எழுதினாள், கணவர் பெயரை எழுதினாள், விலாசம் எழுதினாள். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு.

“ஜாதகத்தை எடுத்துட்டு வாம்மா” என்றார் ஏஜென்ட்.

நான் பேசவில்லை. பேசினால் நாக்கு குழறும் என்று தெரியும். மஞ்சப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் மடியில் இருந்த அட்டை மேல் வைத்தேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தை டீச்சருக்கு விளக்க வேண்டியதில்லை. அட்டையைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. திறந்தாள். விரல் பிறந்த தேதியில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பக்கம் புரட்டினாள். மார்க் பக்கத்தில் மறுபடி நின்றது. என் பாதம் வேர்த்துத் தரையில் ஒட்டியது. இப்போது வாசிப்பாள், கணவர் தலையைத் தூக்குவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“என்ன மதினி, சரியா இருக்கா?” என்றார் என் கணவர், திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரியாத்தான் இருக்கு தம்பி. நீங்க திரியைப் பாருங்க, கோணலா ஏறுது.”

வாய்விட்டு ஒரு எழுத்தும் வாசிக்காமல் தேதியைக் கட்டத்தில் எழுதினாள். புத்தகத்தை மூடி ஏஜென்டிடம் நீட்டினாள். அவர் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எத்தனை வீட்டைப் பார்த்த மனுசனோ, தொண்டையைச் செருமிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நிமிசம் நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது பொறாமை. இந்தப் பெருந்தன்மைகூட இவளுக்குத்தான் வாய்க்கிறது, அதுவும் யோசிக்காமல், தடுமாறாமல். அவள் இடத்தில் நான் இருந்தால் நிச்சயம் உரக்க வாசித்திருப்பேன்.

“எந்த வயசு போடலாம்மா?” என்றார் ஏஜென்ட்.

“அம்பத்தெட்டு.”

“பொதுவா அம்பத்தஞ்சுன்னு போடுவாங்க, இல்ல அறுபதுன்னு போடுவாங்க. அம்பத்தெட்டுன்னு யாரும் கேட்டதில்ல. இன்னும் ரெண்டு வருசம் தள்ளினா மாசத்துக்குக் கூட வருமே.”

“அம்பத்தெட்டே போடுங்க.”

பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். அந்தக் கழித்தலுக்கு அவளுக்கு விரல் தேவைப்படவில்லை. பிறகு குனிந்து எழுதினாள். பேனா அழுத்தமாகப் பதிந்தது.

ஏஜென்ட் போன பிறகு என் அடுப்படிக்கு வந்தாள். சாதாரணமாக என் பக்கம் வரமாட்டாள். கதவில் சாய்ந்து நின்றாள்.

“தமிழ்ல அம்புட்டு மார்க்கா உனக்கு?”

நான் வெங்காயம் உரித்தேன்.

“எட்டாவதுன்னு சொன்னாங்க.”

“அப்பா அப்படிச் சொல்லிட்டாரு.”

“அப்பா சொன்னாரு. சரி. பதினஞ்சு வருசமா நீ ஏன் சொல்லல? ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீசு, பிள்ளைக ஸ்கூலு, அம்புட்டுப் பாரத்தையும் என்கிட்டக் கொண்டாந்து நீட்டுவியே. மேலூர்ல இருந்து நின்னுக்கிட்டே வந்து, கால் வீங்கிப் போயி உக்காந்து எழுதுவேன். பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தியேடி. கோட்டுக்கு மேல எழுதுன்னு உனக்கு விரலை வச்சு வேற காட்டியிருக்கேன்.”

அவள் விரலை வைத்துக் காட்டிய ஒவ்வொரு தடவையும் நான் குமுறியதுதான் எனக்கு நினைவில் இருந்தது. அவள் கால் வீங்கியிருந்தது அன்றைக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

“அப்ப நான்தான் உனக்குத் தங்கச்சி” என்றாள்.

“மன்னிச்சுக்கங்கக்கா.”

“பாரு, இப்பவும் அக்கா. சரி, ஊருக்கு முன்னால அப்படியே கூப்பிடு. எனக்கும் பழகிப்போச்சு.” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்பத்தெட்டு எதுக்கு? எனக்கு ஒரு வருசம் முந்தி. அதுக்குத்தானே?”

நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை நான் ஊதினேன்.

“என்னைய யாரும் எந்த வயசுன்னு கேக்கல, தெரியுமா உனக்கு” என்றாள். குரல் தணிந்திருந்தது. “கேட்டிருந்தா நாப்பதுன்னு சொல்லியிருப்பேன். நாளைக்கே குடையை மடக்கி ஆணியில மாட்டியிருப்பேன். என் சம்பளம் நின்னா இந்த வீடு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால யாரும் கேக்க மாட்டாங்க. உன்னைய உக்கார வச்சு, எந்த வயசும்மா, எந்த வயசும்மான்னு ஒரு மனுசன் ரெண்டு வாரமா வந்து கேக்குறாரு.”

அந்தக் குரலை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பதினைந்து வருசமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரல்தான், வேறொரு வாயிலிருந்து வந்தது. என்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை. அதுவும் இவளுக்கு. நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வெங்காயம் உரித்துக் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

இரண்டு மாசம் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் பத்திரம் வந்தது. தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, “டீச்சர் இல்லையா?” என்றார்.

“எனக்குத்தான்” என்றேன்.

கவரைத் திருப்பிப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கோடு இல்லாத இடத்திலும் நேராகவே எழுதினேன். உள்ளே வந்து பார்த்தால், கவரின் மேல் என் பெயருக்குக் கீழே, தெருப் பெயருக்கு முன்னால், ‘டீச்சர் வீடு’ என்று அடித்திருந்தது. அன்றைக்குப் பாரத்தில் விலாசத்தை எழுதியவள் அவள்தானே. வேண்டுமென்றே எழுதினாளா, பழக்கத்தில் எழுதினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் பத்திரத்தைக் கையில் எடுத்தார். எழுத்துக் கூட்டி நிதானமாக வாசிக்கிறவர். ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

“இது யாரு பொறந்த தேதி?”

“என்னோடது.”

விரல் விட்டு எண்ணினார். “அப்ப உனக்கும் எனக்கும் ஒரு வயசுதான் வித்தியாசமா?”

“ஆமா.”

“ஜாதகம்?”

“அப்பா எழுதி வாங்குனது. படிப்பும் எட்டாவது இல்ல. பதினொண்ணு.”

அண்ணனிடம் சொன்ன மாதிரியே நின்றேன், அடுப்படிக்குள் ஓடவில்லை. அவர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சாப்பிட்டு எழுந்தார். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “கடையில யாராச்சும் கேட்டா உன்னைய எட்டாவதுன்னு சொல்லவா, பதினொண்ணுன்னு சொல்லவா?” என்றார்.

“உங்க இஷ்டம்.”

யோசித்தார். “பதினொண்ணுன்னே சொல்லிர்றேன். முதலாளி சம்சாரமே பத்துதான்.”

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமை எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஓரகத்தி மேலூரிலிருந்து வந்து, குடையை ஆணியில் மாட்டி, பத்திரத்தைக் காட்டச் சொன்னாள். கூடத்தில் நின்றபடியே வாசித்தாள். பென்ஷன் தொடங்கும் வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு இருந்தது. அவள் விரல் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்தது.

“இன்னும் பதினேழு வருசம்” என்றாள்.

“உங்களுக்குப் பதினெட்டு” என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினாள். பச்சை ஜாக்கெட்டின் ஓரத்தில் அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. பதினெட்டு வருசத்துக்கு அந்தக் கையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பாள் என்று தோன்றியது. என் கையில் பத்திரம் இருந்ததாலோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்த ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுங்க. கைப்பக்கம் பிடிக்குது. பிரிச்சு விடுறேன்.”

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், நேரம் பார்க்கிற மாதிரி.

“இப்பத்தான் தெரிஞ்சுச்சா? அம்புட்டு ஜாக்கெட்டும் பிடிக்குது. முன்னாடியெல்லாம் உனக்குத் தைக்கத் தெரியலைன்னு நெனச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தச்சதைப் பாத்தேன், சரியா இருந்துச்சு.”

நான் பத்திரத்தை மடித்துக் கவருக்குள் போட்டேன்.

“இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே தன் அடுப்படிப் பக்கம் நடந்தாள். “பதினேழு வருசம் கழிச்சு மொத்தமாப் பிரிச்சுக் குடு. நீதான் ஒரு வருசம் முந்தியே சும்மா உக்காந்திருப்பியே.”

மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். முழுதாக இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் அவள் சொன்ன அந்தப் பதில் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நின்ற இடத்தில், யோசிக்காமல், சிரிப்பும் குத்தலுமாக ஒரு வார்த்தை. எத்தனை வருசம் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு அப்படி ஒன்று வராது.

எனக்கு இப்போது நிஜ வயது ஐம்பதை நெருங்குகிறது. பென்ஷன் வர இன்னும் வருசங்கள் இருக்கின்றன. தவணை தவறாமல் கட்டி வருகிறேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.